அண்ணனுக்குக் கேட்ட பெண்

சாயல்குடி,
12.2.1957

என் பிரியமானவளே,

உன்னை என் அண்ணனுக்குப் பெண் கேட்க, அம்மா நேற்று பரமக்குடிக்குக் கிளம்பி நின்றாள். "டீச்சர் ட்ரெயினிங்ல ஒன்னோட ஒட்டிக்கிட்டே கெடந்த புள்ள. மதினியா வந்தா ஒனக்குத்தான சந்தோசம்?" என்றாள்.

ஆயுள் முழுக்க ஒரே வீட்டில் நீ. ஒரு கணம் ஆசைப்பட்டேன். உடனே, அண்ணன் உன்னோடு உள்ளே போய்க் கதவைச் சாத்துவது கண்ணில் வந்தது.

"அவளுக்கு வலிப்பு வரும்மா," என்று சொல்லிவிட்டேன்.

அம்மா பூத்தட்டைக் கீழே வைத்தாள். "இதச் சொல்றதுக்கு ஒனக்கு ஏன்டி இப்படி நடுங்குது?"

பயணம் நின்றுவிட்டது. ஆனால் அம்மா அதைச் சித்தியிடம் சொல்லிவிட்டாள். சித்தி வழியாக அந்தப் பொய் உங்கள் ஊருக்கும் வந்துவிடும். இனி உன்னைப் பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள்.

மன்னிப்புக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். கேட்க மனம் வரவில்லை.

உன்னுடையவள்