பன்னிரண்டு மணி அளவு

மார்ச் 9. காலை 9:00
கொம்புத்தீவு தாழ் அலை வானொலி நிலையம். மேலே மின்னேறிய காற்றுப் படலத்தின் உயரம் 73 கிலோமீட்டர். பொறியாளருக்குக் காய்ச்சல், கரைக்குப் போய்விட்டார். பொறுப்பு நான், லியோன் பர்னாந்து, ஜெனரேட்டர் ஆபரேட்டர். படிப்பு எட்டாவதுதான். ஆனாலும் இந்தப் படலத்துக்கு என்னைத் தெரியும். நான் பொத்தானைத் தொட்டால்தான் அலை ஒழுங்காக முட்டித் திரும்புகிறது என்று டெல்லி விஞ்ஞானிகள் நாலு பேர் எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.

10:00
படலம் 73. தங்கை மகள் சலேத் 66 கிலோமீட்டரில் தனியாகப் பறக்கிறாள். படலத்துக்குள் போனால் அவள் மிதவை விமானத்தின் மோட்டார் செத்துவிடும், கீழே இறங்க முடியாமல் மேலேயே மிதக்கும். அதனால் மணிக்கொரு தரம் உயரம் அளந்து அனுப்புகிறேன். தாழ் அலை ஆமை மாதிரி, நிமிடத்துக்கு இரண்டு வார்த்தைதான் போகும். அவள் அனுப்பியது: "பெரும பேசாம நம்பர மட்டும் அனுப்புங்க மாமா." இந்த வேலை அவளுக்குக் கிடைத்ததே என் ஒரு போனில்தான்.

11:00
73. கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.

12:00
மேற்படி.

12:40
சலேத்: "மோட்டார் நின்னுட்டு மாமா. மூச்சுக்காத்து ஒருமணி நேரம்."

12:55
இதைப் படிப்பவர்களுக்கு. பன்னிரண்டுக்கு நான் அளக்கவில்லை. தீவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் படகுக்காரர்களுக்குப் படலத்தைப் பற்றி விளக்கிக்கொண்டு நின்றேன். கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். வந்து 'மேற்படி' என்று எழுதி, 73 என்றே அவளுக்கும் அனுப்பினேன். சூரியனில் வெடிப்பு நடந்திருக்கிறது. கருவி தானாகப் பதியும் நாடாவில் பன்னிரண்டுக்கு 69, இறங்கிக்கொண்டிருந்தது. சொல்லியிருந்தால் அவளும் இறங்கியிருப்பாள்.

13:10
தலைமை நிலையத்தைக் கேட்டேன். அந்த உயரத்துக்குப் போய் மீட்க எதுவும் இல்லையாம். மறுபடி கேட்டேன். இல்லையாம்.

13:20
சலேத்: "நாந்தான் ஒசரம் தப்பிட்டனா?"
நான்: "இல்ல மக்கா. நான் அளக்கல."
அது போய்ச் சேர இரண்டு நிமிடம். ஒவ்வொரு எழுத்தாகப் போனது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

13:29
சலேத்: "அம்மாட்ட வேற கத சொல்லுங்க."

13:41
அவளிடமிருந்து வந்த அலை நின்றது.

14:05
தங்கைக்குப் போன் போட்டேன். எடுத்தாள். "பிள்ள சாப்பிட்டாளாண்ணே, கேட்டியா?" என்றாள்.
எத்தனை கதை கட்டியவன் நான்.
போன் மேசைமேல் கிடக்கிறது. அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்கு ஒரு கதையும்—