வழித்த தலையில் சுருள் முடி

அன்புள்ள மகளுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். என் ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தைப் பொறுத்துக்கொண்டு வாசி.

உன் மகள் யதுசாவின் தலைப்புண் ஆறிவிட்டது. வழித்த தலையில் ஒரு விரற்கடை முடி முளைத்திருக்கிறது. உன்னுடையதைப் போலவே சுருள். நேற்றுத் தலையில் துண்டு கட்டாமலே முன்பள்ளிக்குப் படிப்பிக்கப் போனாள். ஒரு குஞ்சுப் பிள்ளை, "ரீச்சர், உங்கடை சடை எங்கை?" என்று கேட்டதாம். "எலி கொண்டு போட்டுது. கண்டால் பறிச்சுத் தாங்கோ" என்றாளாம். வகுப்பே சிரித்ததாம். அந்தத் துணிவு எங்கள் வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது?

எனக்கு இல்லை, பிள்ளை.

முடியை நேராக்கப் பார்லருக்குப் போனது அவள்தான். அந்த மருந்து தலையைச் சுட்டதும் உண்மைதான். ஆனால் மூன்றாம் நாள் தோல் உரிந்தபோது, பொடுகு என்று நினைத்துத் தேசிக்காயை வெட்டி, அதன் புளியை அழுத்தித் தேய்த்தது நான். பிள்ளை துடித்தாள். "கொஞ்சம் பொறு மோனை, எல்லாம் போயிடும்" என்றேன். அதன்பிறகுதான் புண்ணாகி, முடி கொத்துக் கொத்தாகக் கழன்றது. மிச்சத்தையும் வழிக்க வேண்டி வந்தது.

"ஆர் இதுக்குத் தேசிப்புளி தேய்ச்சது?" என்று டொக்டர் கத்தினார். நான் நிலத்தைப் பார்த்தேன். "நான்தான் டொக்டர்" என்றாள் அவள். சுவிசில் இருக்கிற உனக்கும் அதையே சொன்னாள். அந்தக் கோபத்தில் நீ அவளோடு கதைக்காமல் விட்டு இரண்டு மாதம். ஒருநாள்கூட அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

முதலில் அவளுக்குப் போன் எடு. ஆறுதலாகக் கதை. பிறகு என்னிடம் தரச் சொல். நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

உன் அம்மா