ரிமோட்டை அணைத்தபோது

மார்ச் 2

அண்ணனுடைய ரிமோட் காரைப் பால்கனியிலிருந்து கூடத்துக்கு இழுத்து வந்தேன். பொம்மைக் கார் என்று பெயர்தான், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. பெட்ரோலில் ஓடும் நிஜ எஞ்சின், கயிற்றை இழுத்துக் கிளப்ப வேண்டும். யாரோ ஓட்டித் தேய்த்ததை அண்ணன் ஆசை ஆசையாக வாங்கினார். இரண்டு வருடம் சாக்குக்குள் கிடந்ததில் ஒரு பல்லி உள்ளே குடித்தனமே நடத்தியிருக்கிறது.

எங்கள் தொழிற்சாலையில் துணி வெட்டும் கட்டிங் பிரிவுக்காரர் ஒருவர் இந்த மாதிரி கார் ஓட்டுகிறவர். ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அங்கே நாளெல்லாம் தையல் மெஷின்களைப் பிரித்துப் பூட்டுகிறவள் நான். இது எனக்கு ஒரு வேலையா?

அண்ணன் பார்த்தார். "எடைக்குப் போட்டுடு பாப்பா" என்று சொல்லிவிட்டு, இங்கே தான் தங்கியிருக்கும் சின்ன அறைக்குள் போய்விட்டார். என் வீட்டுக்காரரும், "அதை ஏன் நோண்டுற?" என்றார். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர், திருகாணியைக் கண்டால் கை சும்மா இருக்காது. இதன் பக்கம் மட்டும் வரவே இல்லை. ஆச்சரியம்தான்.

மார்ச் 5

கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் பிசினாகக் காய்ந்திருந்தது. பெட்ரோல் குழாய் தொட்டதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. புதுக் குழாய், புது பிளக். காற்று வடிகட்டியை மூன்று தண்ணீர் மாற்றி அலசினேன். என் நகங்களைப் பார்த்து லைன் சூபர்வைசர் முகம் சுளித்தாள். பார்க்கட்டும்.

மார்ச் 8

அண்ணி ஃபோன் செய்தார். விவாகரத்துக்கு வக்கீலிடம் பேசியாகிவிட்டதாம். மாதக் கடைசியில் அண்ணனும் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம்.

அண்ணனிடம் சொன்னேன். "சரி" என்றார். அவ்வளவுதான்! சண்டையாவது போடக் கூடாதா?

எல்லாம் இந்த வண்டியால் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், அன்றைக்குக் காலையில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். இதோடு செலவழிக்கிற நேரத்தில் பாதி எனக்குக் கொடுத்திருக்கிறீர்களா என்று அண்ணி கேட்டார். அண்ணன் கோபத்தோடு வண்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். மதியம் கூப்பிடப் போன அண்ணி மீது வண்டி நேராக வந்து மோதியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து உள்ளே தகடு வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் அண்ணி சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது: "என்னைப் பாத்துக்கிட்டேதான் விட்டீங்க."

அதற்கு அண்ணன், "விசையிலிருந்து விரலை எடுத்துட்டேன்னுதான் நினைக்கிறேன்" என்றார். அந்த "நினைக்கிறேன்" அவர் குடும்பத்துக்கே உலை வைத்தது. எடுத்தேன் என்று அடித்துச் சொல்லத் தெரியாதா ஒரு மனிதருக்கு? அவருக்கே அவர் விரல் மேல் சந்தேகம். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் வேறு. பொம்மைக் காரை அடக்கத் தெரியாதவர் என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். வேண்டுமென்றே செய்தார் என்று அண்ணி மட்டும் நம்பினார். சிரித்தவர்களே தேவலை.

மார்ச் 12

ஓடிவிட்டது!! ஆறேழு முறை கயிறு இழுத்தேன், தோள் கழன்றுவிட்டது, பிறகு ஒரு இருமல், ஒரு புகை, அப்புறம் கடகடவென்று. குழந்தை மாதிரி குதித்தேன்.

சத்தம் கேட்டு அண்ணன் வெளியே வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. "அணைச்சிடு பாப்பா" என்றார். அணைத்தேன். குதித்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 15

நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

கட்டிங் பிரிவுக்காரர் வந்திருந்தார். அண்ணன் வகுப்புக்குப் போயிருந்தார். என் வீட்டுக்காரரும் ஒரு ரிப்பேருக்குப் போயிருந்தார். வந்தவர் ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டு, சக்கரங்கள் தரையில் படாதபடி வண்டியை முக்காலி மேல் வைத்துக் கிளப்பினார். நன்றாக உறுமியது. பெருமையாக நின்றுகொண்டிருந்தேன்.

"ரிமோட்டை அணைச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அணைத்தார்.

வண்டி அலறியது. சக்கரங்கள் கண்ணுக்கே தெரியவில்லை, முக்காலி நகர்ந்தது. அவர் பாய்ந்து எஞ்சின் பட்டனை அழுத்தி நிறுத்தினார்.

"தொடர்பு விட்டுப்போனா பிரேக் போட்டு நில்லுன்னு வண்டிக்கு முன்னாடியே சொல்லி வெப்போம். இதுக்கு முழு வேகத்துல போன்னு பதிஞ்சிருக்கு. ரிமோட்டையும் வண்டியையும் ஜோடி சேர்க்கும்போது யாரோ விசையை அழுத்திப் பிடிச்சிருக்காங்க. புதுசா செய்யறவங்க செய்யற தப்பு."

அன்றைக்கு ரிமோட்டில் விளக்கே எரியவில்லை என்று அண்ணன் சொல்லியிருந்தார். கீழே போட்டதில் உடைந்துவிட்டது என்று நினைத்தோம். பேட்டரி தீர்ந்திருக்கிறது! தீர்ந்த நொடியில் வண்டி தானாகவே... ஐயோ. அண்ணன் விரலை எடுத்திருக்கிறார். எடுத்துத்தான் இருக்கிறார்!

"ஜோடி சேர்த்தது யாரு?" என்று கேட்டபடி, சிக்னல் வாங்கும் கருவி இருந்த சின்னப் பெட்டியை அவர் திறக்கப் போனார். நான் அதை மட்டும் தொடாமல் விட்டிருந்தேன். மின்சாரச் சமாச்சாரம் என்று பயம்.

பெட்டியின் திருகாணிகள் அதிர்வில் கழலாமல் இருக்க, தலையில் நெயில் பாலிஷ் தடவியிருந்தது. செங்கல் நிறம், உள்ளே பொடிப் பொடியாகப் பொன் மினுக்கம்.

என்னுடையது. தங்கை எங்கிருந்தோ வாங்கி வந்து கொடுத்தது. காணாமல் போனபோது வீடு முழுக்கத் தேடினேன். "உன் நெயில் பாலிஷை நான் எதுக்கு எடுக்கப்போறேன்?" என்றார் அப்போது என் வீட்டுக்காரர்.

பெட்டிக்குள் இருந்த கருவி மட்டும் புத்தம் புதிது.

மார்ச் 16

காலையில் இவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் குளித்துக்கொண்டிருந்தார். நெயில் பாலிஷ் படிந்த பெட்டி மூடியை மேசை மேல் வைத்தேன். என்ன இது என்று கேட்பார், சொல்லிவிடலாம், ஏதோ காரணம் இருக்கும் என்று ராத்திரி முழுக்க எனக்கு நானே சொல்லியிருந்தேன்.

அவர் கேட்டது வேறு. "எப்ப கண்டுபிடிச்ச?"

எப்ப கண்டுபிடிச்சயாம். எப்ப!

அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு நாள் எடுத்து ஓட்டினாராம். தண்ணீர்க் குட்டையில் விழுந்து கருவி கெட்டுவிட்டதாம். வெளியே தெரிய வேண்டாம் என்று புதிதாக வாங்கிப் பொருத்தி, ரிமோட்டோடு ஜோடியும் சேர்த்தாராம். அண்ணன் அடுத்ததாக ஓட்டியது அன்றைக்குத்தான்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ஆஸ்பத்திரியிலயே. ரிமோட் விளக்கு எரியலன்னு மச்சான் சொன்னப்பவே."

"அப்பவே ஏன் சொல்லல?"

"கால் உடைஞ்சதுக்கு நான் காரணம்னு ஆயிடுமேன்னு பயந்தேன். அவங்க பிரிஞ்சே போவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"பிரிஞ்சப்புறம்?"

குளியலறையில் தண்ணீர் நின்றது. நான் மூடியை எடுத்து முந்தானைக்குள் மறைத்தேன். நான் ஏன் மறைத்தேன்?

மச்சான் நம்ம வீட்டுலயே இருக்கட்டும் என்று சொன்னது இவர். சின்ன அறைக்கு ஃபேன் மாட்டியது, ஆம்லெட்டில் பெரிய பாதியை அவர் தட்டில் வைத்தது எல்லாம் இவர். இப்படி ஒரு மனிதர் யாருக்குக் கிடைப்பார் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேனே. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

மார்ச் 18

நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா என்றேன். அவரே சொன்னார். சாப்பாட்டு மேசையில், தலையைக் குனிந்தபடி, முழுவதும்.

அண்ணன் கேட்டுக்கொண்டே தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். "அப்ப நான் விரலை எடுத்துட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், என்னைப் பார்த்து, "எடுத்துட்டேன் பாப்பா." இவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனார். உள்ளே அழுதார். அண்ணன் அழுது நான் கேட்டதே இல்லை.

மார்ச் 22

அண்ணி வந்தார். நான் ஃபோனில் சொன்னதை நம்பவில்லை. "அண்ணனுக்காகத் தங்கச்சி கதை கட்டறா" என்றுதான் நினைத்தாராம். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

வண்டியை முக்காலி மேல் வைத்துக் கிளப்பினேன். "ரிமோட்டை எங்கிட்ட குடு" என்றார். யாரையும் பக்கத்தில் விடவில்லை. அணைத்தார். அலறியது. அடிபட்ட காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். போட்டார், அடங்கியது. மறுபடி அணைத்தார். மறுபடி அலறியது. நான் எஞ்சினை நிறுத்தினேன். அண்ணி ரிமோட்டைக் கீழே வைக்கவே இல்லை.

"அன்னிக்கு உங்க மூஞ்சி ஒரு மாதிரி இருந்துச்சு. கோபம்னு நினைச்சுட்டேன்" என்றார் அண்ணனிடம். "பயமா அது?"

"ஓடுன்னு கத்தினேன். சத்தத்துல உனக்குக் கேக்கல" என்றார் அண்ணன்.

பிறகு அண்ணி இவர் பக்கம் திரும்பினார். "ரெண்டு தடவை எங்க அம்மா வீட்டுக்கு வந்தீங்க. மச்சான் தெரியாம செஞ்சுட்டாரு, மன்னிச்சிடுங்கன்னு கெஞ்சினீங்க. அவரு செஞ்சாருன்னே சொல்லிட்டுப் போனீங்களே."

இது எனக்குப் புதுச் செய்தி. சமாதானம் பேசப் போனார் என்றுதான் தெரியும். என்ன பேசினார் என்று தெரியாது. உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 27

அண்ணனே வண்டியை மறுபடி ஜோடி சேர்த்தார், விரலைத் தூரமாக வைத்துக்கொண்டு. ரிமோட்டை அணைத்ததும் சமர்த்தாக நின்றது. கட்டிங் பிரிவுக்காரர் எடுத்துப்போனார். கூடம் பெரிதாகிவிட்டது.

மார்ச் 31

வக்கீலிடம் யாரும் போகவில்லை. காலையில் அண்ணன் ஒரு பெட்டியோடு கிளம்பினார். அண்ணி ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார், மேலே வரவில்லை. "எல்லாம் சரியாயிடுச்சுன்னு யாரும் நினைக்க வேணாம். எனக்குப் படியேற ஒரு கை வேணும், அதுக்குத்தான்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

மதியம் சின்ன அறையைக் கூட்டினேன். விரிப்பை மாற்றினேன். எங்கள் அறையிலிருந்து இவருடைய தலையணையை எடுத்து வந்து அந்தக் கட்டிலில் போட்டேன்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை நாளைக்கு?" என்றார்.

தெரியவில்லை என்றேன். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.