ரத்தத்தில் தெரியாத எண்

அக்கா, இன்று காலை ஆய்வகத்தின் உறைபெட்டியைத் திறந்தேன். ஆராய்ச்சி முடிந்துவிட்டது, பழைய மாதிரிகளைக் கழித்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். அடித்தட்டில் பனி படிந்த ஒரு சின்னக் குப்பி. அதில் பெயர் இல்லை. நாற்பத்தொன்று என்ற எண் மட்டும், என் கையெழுத்தில். உன் சிறுநீர். நீ போய் ஒன்றரை வருடமாகிறது. விரல் மரத்துப்போகும்வரை கையில் வைத்திருந்துவிட்டு, மற்றவற்றோடு கழிவுப் பையில் போட்டேன். போட்டது சரிதானா என்று தெரியவில்லை.

உனக்குக் கல்லீரல் சுருக்கம் என்றபோதே எனக்கு எதுவும் பிடிபடவில்லை. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து ஈரலைக் கெடுத்திருந்தன. ஆனால் நான் வேலை பார்க்கும் சேலம் ஆஸ்பத்திரிக்கு நீ வரும்போதெல்லாம், சீட்டு எழுதுகிறவர்கூடக் குடிப்பழக்கம் உண்டா என்றுதான் கேட்பார். நீ முகம் மாறாமல், "டீ மட்டுந்தானுங்க" என்பாய். மோகனூரில் உன் தையல் கடையில், நீர் கோத்த வயிறு மெஷினில் இடிக்கிறது என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டாயே தவிர, கடையை மூடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் டாக்டர் அம்மா ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஈரல் கெட்டவர்களுக்குச் சிறுநீரகமும் சட்டென்று கெட்டுவிடும். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற தசைக் கழிவு ஏறுவதைப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்கிறோம். உன்னைப் போலக் கையும் காலும் மெலிந்தவர்களுக்கு அது ஏறுவதற்குள் காலம் கடந்துவிடும். சிறுநீரகம் அடிபட்டவுடனே சிறுநீரில் ஒரு புரதம் கசியும். அதை அளந்தால் முன்கூட்டியே தெரியுமா என்பதுதான் கேள்வி. நான்தான் உன்னைச் சேர்த்துவிட்டேன். "ஒண்ணுக்குல அப்பிடி என்னத்தைடி பாப்பீங்க?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாய். இந்த முடிவு சிகிச்சைக்குப் பயன்படுத்தப்படாது என்ற வரியை நான்தான் உனக்கு வாசித்துக் காட்டினேன்.

நீ கடைசியாக மாதிரி கொடுத்துவிட்டுப் போன அந்த வியாழக்கிழமை உன் ரத்தம் எப்போதும்போல் இருந்தது. சிறுநீரில் அந்தப் புரதம் மட்டும் மற்றவர்களைவிட மிக அதிகம். மறுபடி சோதித்தேன். அதே எண். டாக்டர் அம்மாவிடம் ஓடினேன். சிறுநீரில் கிருமி இருந்தாலும் ஏறும், இந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல நமக்கு அனுமதியில்லை, எதற்கும் நாளைக்கே வரச் சொல் என்றார்.

போன் செய்தேன். நாளைக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போ என்றேன். மாமாவின் பங்காளி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து, பத்து ரவிக்கை பாக்கி என்றாய்.

"ஏன், ரத்தத்துல ஏதாச்சும் இருக்குதா?"

"ரத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்குதுக்கா."

"அப்பறமென்ன? திங்கக்கெழம வாரேன்."

நான் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையையும் சொல்லவில்லை. அந்த எண்ணைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்பதாலா, அதன் அர்த்தம் எனக்கே தெரியாததாலா, உன்னைப் பயமுறுத்த மனம் வராததாலா? எதனால் வாய் மூடியது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை வந்தாய், கால் வீங்கி, ஞாயிறு முழுக்கச் சரியாகச் சிறுநீர் பிரியாமல். இப்போது கிரியாட்டினினும் ஏறியிருந்தது. வயிற்று நீருக்குக் கொடுத்திருந்த மாத்திரையை நிறுத்தினார்கள், கிருமிக்கு ஊசி போட்டார்கள், ஆல்புமின் ஏற்றினார்கள், டயாலிசிஸும் செய்தார்கள். ஒன்பதாம் நாள் நீ இல்லை.

கிருமி இருந்தது என்று பிறகு வந்த அறிக்கை சொன்னது. அப்படியானால் அன்று எண் ஏறியது கிருமியாலா, சிறுநீரகம் அடிபட்டதாலா, கிருமியே சிறுநீரகத்தை அடித்ததாலா? வெள்ளிக்கிழமை வந்திருந்தால் பிழைத்திருப்பாயா? டாக்டர் அம்மாவிடம் பலமுறை கேட்டேன். ஒரு நாள் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எனக்கும் தெரியலம்மா" என்றார்.

ஒரு மாதம் கழித்து மோகனூர் போய் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ பாதியில் விட்ட ரவிக்கைத் துணிகளை அந்தந்த வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்க மடித்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லியிருந்தாலும் அவ காதுகுத்து முடிச்சுட்டுத்தான் வந்திருப்பா சாமி," என்றார். அடுத்த துணியை எடுத்தார். "ஆனா நா உட்டிருக்க மாட்டேன்."

இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். என்னைத் தேற்றினாரா, குற்றம் சொன்னாரா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்குக் காபி போட்டுக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார்.

இப்போது ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கேட்டால், ரத்தத்தில் இன்றைக்குத் தெரிந்தது இவ்வளவுதான், சிறுநீர் குறைந்தால் அன்றைக்கே வாருங்கள் என்று சொல்கிறேன். சிலர் பயந்துபோகிறார்கள். நேற்று ஜேடர்பாளையத்திலிருந்து வந்த ஒரு அம்மா, தன் வீட்டுக்காரரின் ரிப்போர்ட் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றார்.

"நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன சாமி?"

தாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் சொல்ல வரவில்லை, அக்கா.