அம்மா பேசாத வாரங்கள்

ஜூன் 12, 1994
தம்பி ஹேமந்துக்கு எது வேண்டுமானாலும் நம் கையைப் பிடித்து இழுத்துப்போய் அதன்மேல் வைப்பான். குழாய்க்கு அப்பா கை, ரேடியோவுக்கு என் கை, பிஸ்கட் டப்பாவுக்கு அம்மா கை. ஆறு வயதாகிறது, ஒரு வார்த்தை வரவில்லை. ஆனால் யார் கை எதற்கு என்று எப்படி முடிவு செய்கிறான்? இன்று சும்மா என் கையைக் குழாயருகே நீட்டிப் பார்த்தேன். தள்ளிவிட்டு, ஒர்க்‌ஷாப்பில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிய அப்பாவைப் போய் எழுப்பினான். பெரிய மனுஷன்.

ஜூன் 15
டாக்டர் ஆட்டிசம் என்றார். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம் என்றால் பிள்ளை குழம்புவான், ஒரே பாஷை பேசுங்கள் என்றார். ஸ்கூல் கன்னடம்தானே என்று அப்பா அங்கேயே தீர்மானித்துவிட்டார். "இனிமே அவன்கிட்ட யாரும் தமிழ் பேசக்கூடாது."

அம்மா ஈரோட்டில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய கன்னடம் இங்கே தேவராஜ மார்க்கெட்டில் கொத்தமல்லி வாங்க மட்டுமே போதும்.

ஜூன் 23
அம்மா "பா", "ஊட்டா மாடு" - வா, சாப்பிடு - இரண்டையும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறாள். முன்பு குளிப்பாட்டும்போது ஊர்க்கதை முழுக்க ஓடும். அவன் கேட்கிறானா என்றுகூடப் பார்க்கமாட்டாள்.

ஜூலை 2
பிஸ்கட் டப்பாவுக்குக்கூட அம்மா கையைப் பிடிப்பதில்லை. ஏன்?

ஜூலை 9
அம்மா அழுதாள். "நான் பேசுனா எம்புள்ளைக்கு ஆகாதாம். அப்பறம் நான் எதுக்கு?"

அப்பா மேல் கோபம் கோபமா வருது. ஆனா டாக்டர் சொன்னது நிஜமா இருந்தா? யாரைக் கேக்குறது?

ஜூலை 14
இதை எழுதியே ஆகவேண்டும். குளிப்பாட்டிவிட்டு அம்மா அவன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்தான். எங்கேயும் இழுத்துப் போகவில்லை. அந்தக் கையைத் தூக்கி அவள் வாய்மேலேயே வைத்தான். எடுத்தாள். மறுபடி வைத்தான், அழுத்தி.

பேசு என்கிறானா? வேறென்னவாக இருக்கும்?

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் பேப்பரை மடித்தார். "என்ன சாமி" என்று ஆரம்பித்தவள், சித்தி வீட்டு மாடு கன்று போட்டதுவரை சொல்லித்தான் நிறுத்தினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஜூலை 27
மறுபடி டாக்டர். வீட்டில் அவனோடு என்ன பாஷை பேசுகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். அப்பா வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள், தமிழிலேயே. "எனக்குத் தெரிஞ்ச பாஷைதானுங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. அப்பா அதைக் கன்னடத்தில் சொன்னார். அம்மா சொல்லாத ஒன்றையும் கூடவே சொன்னார்: "இனி நானும் அவனோடு அதையேதான் பேசப்போகிறேன்."