இரண்டு முறை தீட்டிய அரிசி

அக்கா,

உங்கள் சிவப்பரிசி இன்று என் அடுப்பில் வேகிறது. மூன்றாவது விசிலுக்கே அந்தத் தவிட்டு வாசம் கூடம்வரை வந்துவிட்டது. ஒரு காலத்தில் இந்த வாசம் உங்கள் வீட்டிலிருந்து சுவரைத் தாண்டி வந்தாலே நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். இன்று சாத்த வழியில்லை, என் வீட்டுக்குள்ளேயே வருகிறது.

நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. உங்கள் மகள் ஸ்டெல்லா வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்குத் திரும்பும்போது ஒரு பெரிய டின் நிறைய இந்த அரிசியைக் கொண்டுவந்து வைத்தாள். “சித்தி, அம்மா இத சித்தப்பாவுக்குன்னு எடுத்து வச்சிருந்தாங்க” என்றாள். செத்த பிறகும் என் வீட்டுக்காரருக்குத்தான் எடுத்து வைத்திருக்கிறீர்கள். ஓரகத்தி என்று நான் ஒருத்தி இருந்தேனே, எனக்கென்று ஒரு பழைய புடவையாவது எடுத்து வைக்கத் தோன்றியதா உங்களுக்கு? ஆத்திரத்தில் டின்னைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். இன்று காலை அதை அவரே இறக்கிச் சமையற்கட்டில் வைத்துவிட்டுப் போனார். நான்கு நாட்களாகப் பேசுவதில்லை. அது ஏன் என்று உங்களுக்கு எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மறைக்காமல் சொல்கிறேன், உங்கள்மேல் எனக்குப் பொறாமை. கல்யாணமாகி வந்த முதல் வாரமே தொடங்கியது. அவருக்குப் பத்து வயதாக இருக்கும்போது நீங்கள் அண்ணியாக இந்த வீட்டுக்கு வந்தீர்கள், தாயில்லாப் பிள்ளைக்குச் சோறு போட்டு ஆளாக்கினீர்கள். அதை நான் குறை சொல்ல முடியுமா? ஆனால் நான் வைத்த முதல் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு “நல்லாத்தான் இருக்கு” என்று கை கழுவிய மனிதர், அரை மணி நேரம் கழித்துக் கொல்லைப்புறமாக உங்கள் வீட்டுக்குப் போய் ஒரு கிண்ணம் நீராகாரம் குடித்துவிட்டு வந்தார். மீசையில் மோர் ஒட்டியிருந்தது. புது மருமகள் நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவர் சவுதிக்குப் போனார். குத்தாலத்தில் தெருவுக்குத் தெரு ஆள் வெளிநாடு போய்க்கொண்டிருந்த தொண்ணூறுகள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு பெட்டியோடு வருவார். எங்கள் வீட்டுக்கு மாடி வந்தது, ஃப்ரிட்ஜ் வந்தது, டின் பால்பவுடர், ஆரஞ்சுத் தூள், ஜாம் எல்லாம் வந்தன. அரிசி என்றால் வெள்ளைப் பொன்னிதான். உங்கள் வீட்டிலோ உங்கள் வீட்டுக்காரர் பிடிவாதமாக அரை ஏக்கரில் மாப்பிள்ளை சம்பா போட்டுக்கொண்டிருந்தார். தடித்த சிவப்பரிசி, முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, தாளடி அறுத்த வயலில் விளைந்த உளுந்து, இவ்வளவுதான் உங்கள் சாப்பாடு. கூலியாளுக்குக் கஞ்சி காய்ச்சுகிற அரிசியை வீட்டு மனுஷர் தின்கிறார்கள் என்று நான் தெருவில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். உங்கள் காதிலும் விழுந்திருக்கும்.

ஆனாலும் என் பிள்ளைகள் ஜாம் தடவிய ரொட்டியை வைத்துவிட்டு உங்கள் வீட்டு உளுந்தங்களிக்கு ஓடின. சவுதியிலிருந்து அவர் எழுதுகிற கடிதத்தில், என் உடம்பைப் பற்றி ஒரு வரி கேட்டால் அண்ணியின் மொச்சைக் குழம்பைப் பற்றி நான்கு வரி இருக்கும். கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் நீங்களும் நானும் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? பரிமாற வந்த அம்மாள் என்னைக் காட்டி, “இவங்க ஒங்க அக்காவா?” என்று உங்களைக் கேட்டாள். உங்களைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள் நான். எனக்கு முட்டி வலி, மேல்மூச்சு, தாடைக்குக் கீழே இன்னொரு தாடை. நீங்களோ ஐம்பதை நெருங்கியும் ஒரு மாத்திரை அறியாமல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தீர்கள். அன்று பந்தியில் பாயசம் எனக்கு இறங்கவில்லை.

அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது பெட்டியோடு சர்க்கரை நோயையும் கொண்டுவந்தார். வலது காலில் இரண்டாவது விரலில் ஒரு புண். கும்பகோணத்து டாக்டர் பார்த்துவிட்டு, மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்கினால் விரல் பிழைக்க வழி உண்டு, இல்லையென்றால் எடுக்க வேண்டியிருக்கும் என்றார். அன்று சாயங்காலமே நீங்கள் இரண்டு மூட்டை மாப்பிள்ளை சம்பா நெல்லை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டீர்கள். சொன்னதையும் தெளிவாகச் சொன்னீர்கள். மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது, மில்லில் உமியை மட்டும் நீக்கச் சொல்ல வேண்டும், தவிடு அரிசியோடேயே இருக்க வேண்டும், சோறு ஒரு கைப்பிடி, கீரையும் காயும் மூன்று கைப்பிடி. நீங்கள் போன பிறகு அவர் முகத்தில் பத்து வருடமாக நான் பார்க்காத ஒரு தெம்பு வந்தது. “அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது. பத்து வருடம் தனியாகக் கிடந்து வீட்டைக் கட்டினேன், பிள்ளைகளை வளர்த்தேன். மனிதர் இப்போதுதான் என் கைக்கு வந்திருக்கிறார். அவர் உங்கள் அரிசியால் தேறிவிட்டால் ஊர் என்ன சொல்லும்? அண்ணிதான் அன்றைக்கும் காப்பாற்றினாள், இன்றைக்கும் காப்பாற்றினாள் என்று சொல்லும். கட்டிய பெண்டாட்டி எதற்கு?

நெல்லை மில்லுக்கு நானே கொண்டுபோனேன். இரண்டு முறை தீட்டச் சொன்னேன். மில்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இந்த நெல்ல யாரும் இப்படி வெளுக்க மாட்டாங்கம்மா, சத்தெல்லாம் தவுட்டுல போயிடும்” என்றார். சவுதியிலிருந்து வந்த மனிதருக்குச் சிவந்த சோறு போட முடியாது என்று சொன்னேன். அது பாதி உண்மைதான். கூலிக்காரர் கஞ்சி என்று நானே கேலி பேசியதை என் தட்டில் வைக்கக் கூச்சமாக இருந்தது. மீதிப் பாதி என்ன என்று மில்காரருக்குத் தெரியாது.

அரிசி வெளுத்துத்தான் வந்தது. அங்கங்கே ஒரு சிவப்புக் கோடு மட்டும் நின்றது. அந்தக் கோட்டைக் காட்டித்தான், “அக்கா குடுத்த அரிசிதாங்க, நல்லா அரைச்சிருக்காங்க” என்று பரிமாறினேன். அவர் என்ன செய்தார் தெரியுமா, அக்கா? அண்ணி கொடுத்த அரிசி உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கையில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடவே போட்டுக்கொண்டார். ஒரு கைப்பிடி என்று நீங்கள் சொன்னதை நான் ஞாபகப்படுத்தவில்லை. மருந்து சாப்பிடுகிற பக்தியோடு மூன்று மாதம் வெள்ளைச் சோற்றைச் சாப்பிட்டார்.

சர்க்கரை இறங்கவில்லை, ஏறியது. விரலை எடுத்துவிட்டார்கள். தவிட்டோடு சாப்பிட்டிருந்தால் விரல் பிழைத்திருக்குமா? எனக்குத் தெரியாது. டாக்டரும் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் காட்டிய ஒரு வழியை நான் அடைத்தேன். அடைத்ததோடு நிற்கவும் இல்லை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில், “அக்கா அரிசியத்தான் தின்னாரு, கேட்டீங்களா சங்கதிய” என்று நான்கு பேரிடம் சொன்னேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்கு வந்த வாரம் நீங்கள் பார்க்க வந்தீர்கள். வழக்கம்போலக் கொல்லைப்புற வழியாக. தொட்டியில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாடு அந்த மூன்று மாதத்தில் தளதளவென்று ஆகியிருந்தது, பால்கூட அரைப்படி கூடியிருந்தது. நீங்கள் மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகைத் தவிட்டை எடுத்து விரலில் தேய்த்தீர்கள். முகர்ந்து பார்த்தீர்கள். பொன்னித் தவிட்டுக்கு அந்த நிறம் வராது. என் கை தொட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

“மாட்டுக்குச் சக்கரை இல்லடி, லூர்து” என்றீர்கள்.

அவ்வளவுதான். கையைத் தட்டிவிட்டு உள்ளே போனீர்கள். நான் பின்னாலேயே ஓடிவந்தேன், அவரிடம் சொல்லப்போகிறீர்கள் என்று பயந்து. அவர் கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, “தப்பா எடுத்துக்காதீங்கண்ணி. அந்த அரிசி எனக்கு ஒத்துக்கல. இனிமே வேணாம்” என்றார். நீங்கள் என் முகத்தை ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு அவரிடம் திரும்பி, “சரி தம்பி” என்றீர்கள்.

அன்றோடு அவர் உங்கள் வீட்டில் சாப்பிடுவது நின்றது. நீங்கள் கொடுத்தனுப்பிய கீரைக்கூட்டைக்கூட, “ஒத்துக்காது, வச்சிடு” என்றார். நீங்கள் வளர்த்த பிள்ளை உங்கள் கைச் சோற்றைக் கண்டு பயந்தது. நான் ஜெயித்துவிட்டேன், அக்கா. ஜெயித்தது இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு வருடம் இனித்தது. அதன் பிறகு உங்கள் மௌனம் என்னைத் தின்ன ஆரம்பித்தது. இன்று சொல்வீர்கள், நாளை சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் அதைச் சொல்லிவிட்டிருந்தால் எப்பேர்ப்பட்ட சண்டை போட்டிருக்கலாம், மனசார வெறுத்திருக்கலாம். அதற்கும் இடம் கொடுக்கவில்லை. இருபது வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, எழுபத்து நான்கு வயதில், ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். நான் இங்கே காலையில் ஐந்து மாத்திரை, மாலையில் மூன்று மாத்திரை. அந்தச் சாவின்மேலும் எனக்குப் பொறாமைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் ஜெரால்டு துபாயிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். கம்பெனியில் உடம்பு பரிசோதித்ததில் அவனுக்கும் சர்க்கரை என்று வந்திருக்கிறதாம். முப்பத்தேழு வயதுதான். சோற்றைக் குறைத்துச் சிவப்பரிசிக்கு மாறலாம் என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே, “பெரியம்மா அரிசி அப்பாவுக்கே ஒத்துக்கலயே. வெரலே போச்சு. அதெல்லாம் நம்ம ஒடம்புக்கு ஆகாதும்மா” என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரும், அண்ணி பாவம், நல்லதென்றுதான் கொடுத்தார்கள், நமக்குத்தான் வாய்க்கவில்லை என்றார்.

என் பொய் இத்தனை தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. கோயில் வாசலில் நான்கு பேரிடம் சொன்னது, துபாயில் என் பிள்ளையின் தட்டுவரைக்கும் போய்விட்டது.

சொல்லிவிட்டேன். போனை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் சேர்த்தே சொன்னேன். மில்லுக்குக் கொண்டுபோனது, இரண்டு முறை தீட்டச் சொன்னது, ஒரு கைப்பிடி என்று நீங்கள் சொன்னதை மறைத்தது, தவிட்டை மாட்டுக்கு வைத்தது. ஏன் செய்தேன் என்பதையும் சொன்னேன். “ஒங்க பெரியம்மாவால அப்பா பொழைக்கக் கூடாதுன்னு நெனச்சேன்” என்றேன். அவன் முகம் திரையில் அப்படியே நின்றது. நெட் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் மருமகளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது, அந்த அரிசியை எப்படிச் சமைப்பது அத்தை என்று. அவர் நாற்காலியில் தலை நிமிராமல் இருந்தார். அவர் கேட்கும்படியே பதில் சொன்னேன். முந்தின நாளே ஊறப்போடு, தண்ணீர் கூட வை, சோறு ஒரு கைப்பிடி, காயும் கீரையும் மூன்று கைப்பிடி, டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒரு வேளையும் விடாதே. எல்லாம் உங்கள் வார்த்தைகள். பெரியம்மா சொன்னது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்தார். திட்டுவார், அந்தக் காலைக் காட்டிக் கத்துவார் என்று நான் தயாராக இருந்தேன். கத்தியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

“அண்ணிக்கு இது தெரியுமா?” என்று கேட்டார்.

தெரியும் என்றேன். எப்போதிருந்து என்று கேட்டார். விரல் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த வாரத்திலிருந்தே என்றேன்.

எழுந்து சட்டையை மாட்டினார். ஆட்டோவுக்குப் போன் செய்து கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றார். நானும் புடவை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தேன். “நீ வேணாம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். போனவர் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பினார். வேட்டியில் முட்டி வைத்த இடத்தில் செம்மண் ஒட்டியிருந்தது.

தன் விரலைப் பற்றி இந்த நிமிடம்வரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அக்கா. முதல் கேள்வியே உங்களைப் பற்றித்தான். அன்று ஆட்டோ தெருமுனை திரும்புவதை வாசலில் நின்று பார்த்தேன். வெட்கப்பட வேண்டியவள் நான், அழ வேண்டியவளும் நான். ஆனால் சாயங்காலம் முழுக்க உங்களிடம் என்னதான் பேசியிருப்பார் என்று நினைத்து, பொறாமையில் வெந்துகொண்டு நின்றேன்.

லூர்து