மரை மெஷினும் மாப்பிள்ளை கைக் காப்பும்

1938, ஆடி 2
சேலத்திலிருந்து வண்டியேறி மெஷின் வந்து இறங்கியது. இரும்புக் குழாய் முனையில் திருகு மரை வெட்டுகிற மெஷின். மல்லசமுத்திரம் ரோட்டில் என் தங்கை மகன் சென்னிமலை போட்டிருக்கும் பட்டறைக்கு. தோட்டத்துக்குத் தோட்டம் இஞ்சின் பம்பு வருகிறது. கையால் வெட்டிக் கட்டுப்படியாகாது.

"மாமா, கோலார்ப் பட்டறையில இந்த மாதிரி எத்தன பூட்டியிருப்பீங்க?" என்றான்.

"பதினேழு" என்றேன். போன வருஷம் பத்து என்று சொன்னதாக ஞாபகம். அதனால் என்ன, வருஷம் ஏற ஏற அதுவும் ஏறும்.

உள்ளதை இங்கேயாவது எழுதுகிறேன். கோலார்த் தங்கச் சுரங்கப் பட்டறையில் நான் குழாய் சுமந்தவன். மெஷினைத் தொட்டதில்லை. ஆனால் ஆறு வருஷம் தினமும் பார்த்திருக்கிறேன்.

ஆடி 3
பூட்டிவிட்டேன்! தட்டில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தேன். அடிக்கட்டையில் போல்ட்டு நாலும் முறுக்கினேன். மரை வெட்டும் பல் நான்கு. ஒவ்வொன்றிலும் நம்பர் உண்டு, அதே நம்பர் பள்ளத்தில் உட்கார வேண்டும். முதலில் இரண்டும் மூன்றும் மாறிப்போய், குழாய் வாயை நாய் கடித்த மாதிரி ஆக்கிவிட்டது. "பரீட்சைக்கு அப்படித்தான் பண்ணணும்" என்றேன். நம்பினான்.

ஆடி 5
மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். சென்னிமலை பூவோடு, நெருப்புச் சட்டி, எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறான். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, நுனி இரண்டு விரல் நீளம் தொங்குகிறது. நோம்பி முடிகிற வரை அவிழ்க்கக் கூடாது.

அந்தக் கையோடு சுற்றுகிற குழாய்க்கு எண்ணெய் விடப்போகிறான்.

"மாப்பிள்ளை, காப்பு அவுக்கறவரைக்கும் ஓட்ட வேண்டாம்டா. கோலார்ல முனுசாமின்னு ஒருத்தன், சட்டைக் கை மாட்டி தோள்வரைக்கும் போயிருச்சு."

சிரித்தான். "அந்த முனுசாமியத்தானுங்க மாமா, போன தடவ புலி புடிச்சுதுன்னு சொன்னீங்க."

சொன்னேன்தான். புலிக்கு வரிகூட எண்ணிச் சொன்னேன்.

ஆடி 6
ராவெல்லாம் யோசித்து, காலையில் போய்ச் சொல்லிவிட்டேன். நான் மெஷின் பூட்டுகிற பிட்டர் இல்லை, குழாய் சுமந்தவன், முனுசாமி கை மாட்டினபோது நாலடி தள்ளி நின்றவன், கண்ணால் பார்த்தவன் என்று.

எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். "அப்ப மெஷினப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?"

நான் முறுக்கிய போல்ட்டையெல்லாம் திரும்ப முறுக்கினான். பல்லைக் கழற்றி நம்பர் பார்த்தான். பெல்ட்டை இழுத்துப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மணிக்கட்டை மட்டும் பார்க்கவில்லை.

கயிற்றின் மேல் துணியை இறுக்கிச் சுற்றலாமே என்றேன். அவன் சம்சாரம் சௌந்திரம், "அம்மனையே மூடி வெக்கச் சொல்றீங்களா?" என்றாள். துணியை மடித்து வைத்துவிட்டேன். நானும் அம்மனுக்குப் பயந்தவன்தானே.

ஆடி 7
ஓட்டினான். பன்னிரண்டு குழாய். ஒன்றும் ஆகவில்லை. சௌந்திரம் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆடி 8
பெல்ட்டைத் தள்ளுகிற கட்டையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நின்றேன். தள்ளினால் பெல்ட்டு வெறும் சக்கரத்துக்குப் போய்விடும், இஞ்சின் வேகம் மெஷினுக்குப் போகாது.

"மாமா, கோயில் வாசல்ல அய்யனார் நிக்கற மாதிரி நிக்கறீங்க. குதிரை எங்கீங்க?"

சிரிக்கட்டும். வேறு என்ன செய்ய?

ஆடி 9
நின்றேன். கால் வீங்கிவிட்டது.

ஆடி 11
மாட்டிக்கிச்சு.

எண்ணெய் விடக் கையை நீட்டினான். வெட்டின வாயில் பிசிறு இருந்திருக்கிறது, அதில் காப்புக் கயிற்றின் நுனி. நான் தள்ளினேன். பாத்த உடனே தள்ளினேன், சாமி சத்தியமா தள்ளினேன். தள்ளினா நின்னுரும்னு நெனச்சேன். நிக்கலையே! ஓடின வேகத்துல இன்னும் ரெண்டு சுத்து சுத்திட்டுத்தான் நின்னுச்சு. அந்த ரெண்டு சுத்து... ஆறு வருஷம் பாத்தேனே, இதையேன் நான் பாக்கல?

ஆடி 13
சேலம் ஆஸ்பத்திரி. கட்டை விரலும் அடுத்த விரலும் போய்விட்டன. கை இருக்கிறது. கயிற்றில் மிச்சமிருந்ததை டாக்டர் கத்திரியால் வெட்டினார். சௌந்திரம் தடுக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தள்ளாமல் இருந்திருந்தால் முழுக் கையும் போயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள்.

ஆடி 20
எழுத ஒன்றுமில்லை.

ஆவணி 9
பட்டறை திறந்தோம். குழாயோடு முதல் ஆளாக வந்தவர் ஆத்தூர்ப் பக்கத்துக் கருப்பண்ணன். சென்னிமலையின் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். பட்டறையில் இருந்த எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"காப்புக் கயிறு மாட்டிச்சுங்க. நான் பக்கத்துல நின்னேன்."

மேலே கதை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

குழாயின் அந்த முனையைப் பிடித்துக்கொள்ள அவரே மெஷின் பக்கம் வந்தார். சென்னிமலை இடது கையை நீட்டி மறித்தான்.

"பொறுங்க. தோள்ல கெடக்கற துண்ட எடுத்து மாமாகிட்ட குடுங்க. அவுரு சொன்னப்பறந்தான் ஓட்டுவேன்."

கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். பிறகு ஒவ்வொருவர் கையையும் புரட்டிப் பார்த்தேன், சென்னிமலை கையைக் கடைசியில்.